வண்டியும் வலியறிதலும்
(ஓடுதளப் பயிற்சி நாள் குறித்த ஓர் ஆய்வு)

முன்னுரை

சேலமும் நாமக்கல்லும் சேர்ந்த சமவெளி, வண்டிகளை நம்பி வாழும் நிலப்பகுதியாகும். 1997-இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை சென்று ஆழ்துளைக் கிணறுகள் தோண்டுகின்றன. இப்பகுதியில் வண்டியோடு தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது அரிது.

இத்தகைய மண்ணில், 'வண்டி ஓட்டக் கற்றல்' என்பது குறித்து நாம் புதிதாக ஆராய என்ன இருக்கிறது என்னும் ஐயம் எழலாம். ஓட்டத் தெரிவது ஒன்று. கைமீறிப் போகும் வண்டியைக் கட்டுக்குள் வைக்கத் தெரிவது மற்றொன்று. முன்னதைப் பல ஆயிரவர் கற்றுள்ளனர். பின்னதை முறையாகக் கற்பிக்கும் இடங்களோ மிகச் சில. பந்தய ஓடுதளங்களில் தொடக்கநிலையினருக்கென நடத்தப்பெறும் பயிற்சி நாள் அவற்றுள் ஒன்று. அங்குக் கற்பிக்கப்படுவது என்ன, அதன் அடிப்படை யாது, அது நம் சமவெளிச் சாலைகளுக்கு எவ்வாறு பயன்படும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

திருக்குறளில் 48-ஆம் அதிகாரம் வலியறிதல். மென்மையான மயிலிறகேயாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்னும் உவமையை வள்ளுவர் அவ்வதிகாரத்தில்தான் வைத்துள்ளார். பாரத்தின் வன்மை மென்மையைப் பார்ப்பதைவிட, தாங்கும் பொருளின் எல்லையை அறிவதே முதன்மை என்பது அதன் கருத்து. ஓடுதளப் பயிற்சியின் உயிர்நாடியும் அதுவே ஆதலின் தலைப்பை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம்.

உரிமம் பெறுதலும் கட்டுப்பாடு பெறுதலும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஓட்டுநர் உரிமத்திற்கான தேர்வை வகுத்துள்ளன. தேர்வுக்கு வருபவர் வண்டியைக் கிளப்பிக் காட்டுகிறார், கியர் மாற்றுகிறார், திரும்புகிறார், பின்னோக்கி எடுக்கிறார். இவை அனைத்தும் மெதுவான வேகத்தில் நிகழ்வன. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது முன்னே ஒரு மாடு குறுக்கிட்டால் பிரேக்கை எவ்வளவு அழுத்த வேண்டும்? மழைநாளில் வண்டியின் பின்பகுதி வழுக்கினால் ஸ்டீயரிங்கை எப்பக்கம் திருப்ப வேண்டும்? இவ்வினாக்கள் அத்தேர்வில் இடம்பெறுவதில்லை. பொதுச்சாலையில் அவற்றைத் தேர்வு செய்து பார்க்கவும் இயலாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது தமிழ்நாடே. நம் மாநிலத்தில் நிகழ்ந்தவை 64,105. மாண்டவர் 17,884 பேர். இவ்விழப்புகளுக்குச் சாலையமைப்பு, குடிபோதை, உறக்கமின்மை எனக் காரணங்கள் பல உண்டு. எனினும், இடர் நேரும் அந்த இரண்டு வினாடிகளில் கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருமுறையேனும் பழகிப் பாராதவர்களே நம்முள் பெரும்பாலோர் என்பதை மறுத்தல் அரிது.

தமிழகத்தின் ஓடுதளங்கள்

இந்தியாவின் மோட்டார் பந்தய வரலாற்றில் தமிழகத்திற்குத் தனியிடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர்த் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஓடுதளம் ஒன்றை அமைத்தது. 1990-இல் திறக்கப்பட்ட அத்தளத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 கி.மீ.

நம் சமவெளிக்கு அண்மையிலுள்ளது கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி கார் எஞ்சினைக் கொண்டு எளிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கி, இளைஞர் பலருக்கு வழிதிறந்தவர் எஸ். கரிவர்தன். 1995-இல் மறைந்த அவர் பெயரையே அத்தளம் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே.

இத்தளங்கள் பந்தய வீரர்க்கு மட்டும் உரியன அல்ல. பந்தயம் இல்லாத நாள்களில் பொதுமக்கள் தம் சொந்த வண்டியைக் கொண்டுவந்து, கட்டணம் செலுத்தி, பயிற்சியாளர் துணையோடு ஓட்டிப் பழகும் நாள்களும் உண்டு. அவற்றையே இங்குப் பயிற்சி நாள் எனக் குறிக்கிறோம்.

பயிற்சி நாளின் நடைமுறை

பயிற்சி நாள், வண்டியில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில் வண்டியைச் சோதிப்பர். டயரின் காற்றழுத்தம், டயரில் எஞ்சியுள்ள பள்ளக்கோடுகளின் ஆழம், பிரேக் திரவத்தின் அளவு, சீட் பெல்ட், பேட்டரியின் பிணைப்பு ஆகியவை பார்க்கப்படும். வண்டிக்குள் உருளக்கூடிய தண்ணீர்ப் பாட்டில் முதலியவற்றை அகற்றிவிடுவர். பிரேக் பெடலுக்கடியில் ஒரு பாட்டில் சிக்கினால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தலைக்கவசம் கட்டாயம்.

அடுத்தது கொடிகளின் பாடம். மஞ்சள் கொடி முன்னே இடர் உள்ளதைக் காட்டும்; முந்துதல் கூடாது. சிவப்புக் கொடி ஓட்டம் நிறுத்தப்பட்டதைக் குறிக்கும். நீலக் கொடி, பின்னால் விரைவான வண்டி வருகிறது, வழிவிடுக என்னும். கட்டமிட்ட கொடி சுற்று முடிந்தது என்னும். புதியவர்களைத் தனிக்குழுவாகப் பிரித்து, முந்துவதற்கும் இடம் வரையறுத்து, முதற்சில சுற்றுகளை மெதுவாகவே ஓடச் செய்வர். பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பார். அன்று நேரம் கணக்கிடப்படுவதில்லை. வென்றவர் தோற்றவர் என்பதும் இல்லை.

பிடிமானம் என்னும் முதற்பாடம்

காரின் எடை முழுவதையும் தரையோடு இணைப்பவை நான்கு டயர்களே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவு. விரைதல், நிற்றல், திரும்பல் ஆகிய மூன்றும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிமானத்தைக் கொண்டே நிகழ வேண்டும். எஞ்சின் எத்துணை ஆற்றலுடையதாயினும், பிரேக் எத்துணைப் புதியதாயினும், டயர் தரும் பிடிமானத்திற்கு மேல் அவற்றால் எதுவும் செய்ய இயலாது.

இப்பிடிமானத்தைக் கைமுதலாகக் கொள்ளலாம். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதையே பகிர்ந்து செலவிட வேண்டும். இவ்விரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை ஆதலின் பிதாகரஸ் தேற்றத்தின்படி கணக்கு அமைகிறது. நூறு பங்கில் எண்பதைப் பிரேக்குக்குச் செலவிட்டால் திரும்புவதற்கு அறுபது கிடைக்கும். நூறையும் பிரேக்குக்கே செலவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே செல்லும். 'பிரேக்கும் பிடித்தேன், ஸ்டீயரிங்கும் ஒடித்தேன், வண்டி கேட்கவில்லை' என்று விபத்துக்குப் பின் கூறப்படும் சொற்களின் பொருள் இதுவே.

நிறுத்துதல்

பயிற்சி நாளின் முதற்செயல் பெரும்பாலும் நிறுத்தலே. கூம்புகள் வைக்கப்பட்ட நேர்ப்பாதையில் குறித்த வேகத்தில் வந்து, குறித்த இடத்தில் முழுவலிமையோடு பிரேக்கை அழுத்தச் சொல்வர். பல ஆண்டுகள் ஓட்டியவரும் முதன்முறை பாதியளவே அழுத்துவர். முழுமையாக அழுத்தும் தேவை அவர் வாழ்வில் அதுவரை நேர்ந்திருக்காது.

நிறுத்தும் தொலைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இடரைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுசெல்ல ஒரு வினாடி ஆகிறது எனவும், உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.8 எனவும் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காலெடுத்து வைப்பதற்குள் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். பின் நிற்பதற்கு 18 மீட்டர். ஆக 35 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் இது 54 மீட்டராகும். 100 கி.மீ. வேகத்தில் 77 மீட்டர். மழையில் உராய்வு பாதியாகக் குறைந்தால் 80 கி.மீ. வேகத்திலேயே 85 மீட்டர் தேவைப்படும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகும் என்னும் பள்ளிப் பாடத்தை அங்கே கூம்புகளை எண்ணியே உணரலாம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள சிறு காரில் முழு பிரேக்கின்போது ஏறத்தாழ 175 கிலோ பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. பின்சக்கரங்கள் அந்நேரத்தில் இலேசாகி, எளிதில் வழுக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவேதான் நேராகச் செல்லும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டு, பிறகு வளைவுக்குள் நுழைக என்பது அங்கு முதல் விதியாகிறது. ஏ.பி.எஸ். அமைந்த காரில் பெடல் அதிரும். அது பழுதன்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அக்கருவி காத்துவருவதன் அடையாளம். அதிர்வுக்கு அஞ்சிக் காலை எடுப்பவர் தமக்குக் கிடைத்த உதவியைத் தாமே மறுக்கிறார்.

வளைதல்

வளைவில் தாங்கும் வேகத்திற்கும் எல்லை உண்டு. 30 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில், உலர்ந்த சாலையில் மணிக்கு 55 கி.மீ. வரை ஒரு கார் தாக்குப்பிடிக்கலாம். மழையில் அவ்வெல்லை 39 கி.மீ.-க்கு இறங்கிவிடும். 55-க்குப் பதில் 60-இல் நுழைந்தால், மிகுதி ஐந்து கிலோமீட்டர்தானே எனத் தோன்றும். தேவைப்படும் பிடிமானமோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. எல்லைக்கு அருகில் சிறு மிகுதியும் பெருந்தீங்காவது இவ்வாறே. மயிலிறகு உவமையின் நுட்பம் ஈண்டு விளங்கும்.

எல்லை மீறும்போது வழுக்கல் இருவகையாக நிகழும். முன்சக்கரங்கள் பிடியிழந்து வண்டி வளையாமல் வெளிப்புறம் செல்வதை முன்வழுக்கல் எனலாம். பயிற்சியாளர்கள் அண்டர்ஸ்டீர் என்பர். அப்போது ஸ்டீயரிங்கை மேலும் ஒடிப்பது மனித இயல்பு, அது பயன்தராது. ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சிறிது நிமிர்த்தினால் டயர் மீண்டும் தரையைப் பற்றும். பின்சக்கரங்கள் பிடியிழந்து வண்டியின் வால் வெளியே வீசுவது பின்வழுக்கல். ஓவர்ஸ்டீர் என்பது அதன் வழக்குப் பெயர். வளைவின் நடுவே அஞ்சித் திடீரெனப் பிரேக் பிடிப்பதால் இது நேர்வதுண்டு. வால் எப்பக்கம் போகிறதோ அப்பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். வண்டி நேராகும்போது தாமதியாது திருப்பத்தை மீட்க வேண்டும். படிப்பதற்கு எளிதாயினும், நீர் தெளித்த தளத்தில் பலமுறை சுழன்று பார்த்தாலன்றி இது கைக்கு வருவதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது பார்வை. கண் செல்லும் இடத்திற்குக் கை வண்டியைக் கொண்டுசெல்கிறது. தடுப்புச் சுவரை நோக்கி அஞ்சுபவர் அதன் மீதே மோதுவார். வெளியேறும் வழியை நோக்குபவர் பெரும்பாலும் அவ்வழியே தப்புவார். 'மெதுவாக நுழைக, கண்ணை முன்னே அனுப்புக' என்பதே பயிற்சியாளர் ஓயாது கூறும் சொல். இருபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட ஏற்காட்டு மலைப்பாதைக்கும், எழுபது வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதைக்கும் இது அப்படியே பொருந்தும்.

சூடேறிய பிரேக்கும் தொப்பூர்க் கணவாயும்

ஓடுதளத்தில் சில சுற்றுகள் வேகமாக ஓடியபின் பிரேக் பெடல் மென்மையாகி உள்ளே இறங்குவதைப் புதியவர் உணர்வர். வேகத்தின் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் தொழில். வெப்பம் அளவு கடந்தால் உராய்வுப் பொருள் தன் பிடியை இழக்கும். பிரேக் திரவமும் கொதிக்கும். எனவேதான் கடைசிச் சுற்றைக் குளிர்விக்கும் சுற்றாக, பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடுகின்றனர். வண்டியை நிறுத்தியபின் கைப்பிரேக்கை உடனே இழுப்பதையும் தவிர்க்கின்றனர்.

இப்பாடத்தின் முழுப்பொருளையும் உணர நாம் வடக்கே சற்றுப் பயணம் செய்ய வேண்டும். தருமபுரியிலிருந்து சேலத்திற்கு இறங்கும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது தொப்பூர்க் கணவாய். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கு லாரி கட்டிழந்து முன்சென்ற வண்டிகள் மீது மோத, உயிர்கள் பல பறிபோயின. அவ்விறக்கத்தில் நேரும் விபத்துகளுக்கு மீண்டும் மீண்டும் கூறப்படும் காரணம், டீசலை மிச்சப்படுத்துவதற்காகக் கியரை நியூட்ரலில் வைத்து இறங்குதல் என்பதாகும்.

கணக்கு இதுதான். பாரத்தோடு 16,000 கிலோ எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 1.57 கோடி ஜூல். ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து இதில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அவ்வெப்பம் பெரும்பாலும் பிரேக் டிரம்களின் மீதே விழும். 'ஏறும் கியரிலேயே இறங்கு' என்னும் பழைய ஓட்டுநர் விதி இவ்வறிவியலின் சுருக்கமே. ஓடுதளத்தில் பெடல் மென்மையானால் சுற்றும் வெற்றிடம் உண்டு. தொப்பூரில் முன்னே நிற்பது ஒரு குடும்பத்தின் கார்.

தகடூர் எனப்பட்ட தருமபுரி, அதியமானின் தலைநகர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடிய 102-ஆம் புறநானூற்றுப் பாடலில் உப்பு வணிகரின் வண்டி ஒன்று வருகிறது. எருதுகள் இளையவை, நுகத்தடிக்குப் பழகாதவை. பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன நேரும் என்று யாரால் அறிய முடியும் எனக் கருதி, உமணர் தம் வண்டியின் கீழ்ச் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்கின்றனர். இன்றைய லாரியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு அதுவே மூதாதை. இளைய எருது, மிகைப் பாரம், ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்த அவ்வணிகரின் அறிவே இன்று அதே நாட்டுச் சாலையில் நமக்குத் தேவைப்படுகிறது.

கொண்டுவர வேண்டியதும் விட்டுவர வேண்டியதும்

பயிற்சி நாளிலிருந்து சிலவற்றை மட்டுமே நாம் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். முழு பிரேக் பிடிக்கும் துணிவு, தொலைவை மதிப்பிடும் கண், வழுக்கலை அஞ்சாது திருத்தும் கை, டயரையும் பிரேக்கையும் புறப்படுமுன் பார்க்கும் பழக்கம் ஆகியன கொண்டுவரத் தக்கவை. பாதை முழுவதையும் பயன்படுத்தி வளைவை அகலமாக்கும் முறை ஓடுதளத்தோடு நிற்க வேண்டும். அங்கு எதிர்வண்டி இல்லை. ஏற்காட்டுப் பாதையில் உண்டு. சிறிது பழகியவுடன் தம்மைப் பந்தய வீரராக எண்ணும் செருக்கும் அங்கேயே விடத்தக்கது.

எல்லையறிந்து விலகுதல் பெரும்பந்தய வீரர்க்கும் உரிய அறமாகும். 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில், ஒரு வளைவின் விசையைத் தம் டயர்கள் தாங்கா எனத் தெரிந்தமையால், தொடக்கச் சுற்று முடிந்ததும் பதினான்கு வண்டிகள் விலகிக்கொண்டன. ஆறு வண்டிகளே ஓடின. நான்காவதாக வந்த நரேன் கார்த்திகேயன் உலகப் பட்டியலில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். அவர் பெற்ற புள்ளிகளை நாம் நினைவில் வைத்துள்ளோம். விலகிய பதினான்கு வண்டிகளையும் நினைவில் வைத்தல் நன்று.

நிறைவுரை

ஓடுதளப் பயிற்சி கட்டணமும் சொந்த வண்டியும் உடையவர்க்கே இன்று எட்டுகிறது. அதன் தேவை மிகுதியாக உள்ளவர்களோ இரவெல்லாம் லாரி ஓட்டும் இளைஞர்களும், அண்ணனின் காரை வாங்கி ஓட்டும் மாணவர்களுமே. இப்பாடத்தில் பெரும்பகுதிக்குப் பந்தயத்தளம் தேவையில்லை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். தடையற்ற அகன்ற திடல், சில கூம்புகள், ஒரு தண்ணீர் லாரி, தேர்ந்த பயிற்சியாளர் ஆகியவை இருந்தால் 40 கி.மீ. வேகத்திலேயே நிறுத்தலையும் வழுக்கலையும் கற்பிக்கலாம். நாமக்கல்லில் அசோக் லேலண்டு நிறுவனம் அமைத்த ஓட்டுநர் பயிற்சி நிலையம், இத்தகைய முயற்சிக்கு இம்மண் அந்நியமன்று என்பதைக் காட்டுகிறது. சமவெளியெங்கும் பரந்த நிலத்தோடு கல்லூரிகள் உள்ளன. விளையாட்டு விழாவுக்கு ஒரு நாள் ஒதுக்குவதுபோல், முறையான மேற்பார்வையில் இதற்கும் ஆண்டுக்கு ஒரு நாளை அவை ஒதுக்கலாம்.

வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி எனத் தூக்கிப் பார்க்கச் சொல்லும் மரபு நம்முடையது. ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர்க்கு வினைவலி சாலையும் மழையும்; தன்வலி விழிப்பும் பழக்கமும்; மாற்றான்வலி எதிரே வரும் வண்டி; துணைவலி டயரும் பிரேக்கும். இந்நான்கையும் அறிந்து ஓட்டுவோர் நம் சமவெளியில் பெருகினால், தொப்பூர் இறக்கத்தில் இறங்கிவரும் வண்டிகளை எண்ணி வீட்டில் காத்திருப்போரின் அச்சம் குறையும்.